பழைய எண் 17

கஜபதியின் லாரி எடைமேடையில் ஏறி நின்று
முக்கால் மணி நேரம்.
திரையில் எடை வரவில்லை.
அவருக்குப் பின்னால் எண்ணூர் ரோடு வரை டிரெய்லர்கள்,
விளக்கை அணைத்துவிட்டு.
யாரோ ஒருவர் மட்டும் விடாமல் ஹாரன்.

சர்வர் என்றால் தனிப் பெட்டி இல்லை.
ஒரு பெரிய இயந்திரத்தின் வயிற்றில் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள்,
ஒவ்வொன்றும் தான்தான் முழு இயந்திரம் என்ற நினைப்பில்.
எடைக்கணக்கு எழுதுவது மூன்றாவது.
பழைய பெட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை குடிமாற்றி
முகவரியையும் நான்தான் கொடுத்தேன்:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றறுபத்தெட்டு, பத்து, பதினேழு.
மாறாத முகவரி.
ஃபைலில் கையால் எழுதி,
ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தேன். இருந்தது.

இப்போது பிங் அடித்தால்
நான்கு பதில், பிறகு ஒன்றுமில்லை,
பிறகு இரண்டு.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
கேட்வே சரி. மாஸ்க் சரி.
பிரிட்ஜ் சரியான கார்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.
மணலிப் பக்கத்துக் காற்று திரும்பி
அறையெல்லாம் அழுகின முட்டை வாடை.
கண்ணாடிக்கு அந்தப்புறம் எஸ்தர்
வண்டி எண்களை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.
"இன்னாக்கா, கொசு புடுங்குது, ஆவுமா ஆவாதா?"
கஜபதி கேட்டதை அப்படியே சொன்னாள்.

எதற்கும் பார்ப்போம் என்று
மூன்றாவதை நிறுத்தினேன்.
முழுசாக. திரை கறுப்பு.
பழக்கத்தில் விரல் இன்னொரு பிங் அடித்தது.

பதில் வந்தது.

வாயில் இருந்த டீயை விழுங்கவில்லை.

தண்டையார்பேட்டையில் என் தெருவில் இரண்டு பதினேழு.
எங்களுடையது பழைய பதினேழு,
கார்ப்பரேஷன் தகட்டில் நாற்பத்திரண்டு.
புதிய பதினேழு பெனிட்டா வீடு, தெரு முனையில்.
நான் புக் செய்த சிலிண்டர் அங்கே இறங்கும்.
அவள் தம்பிக்கு வந்த கோர்ட் சம்மன்
எங்கள் கேட்டில் செருகியிருக்கும்.
கூரியர் பையன் தெருவில் நின்று "பதினேழு யாரு?" என்று கத்துவான்.
முந்தி யார் குரல் கொடுத்தாலும் பார்சல் அவருக்கு.
ஸ்விட்ச்சும் அப்படித்தான்.

அதன் அட்டவணையில் பதினேழுக்கு எதிரே
வேறு கார்டின் எண்.

பழைய பெட்டி.
அக்கவுண்ட்ஸ் அறையில், மேசைக்கடியில், விற்பதற்காக வைத்தது.
ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்ததில்
தானாக எழுந்திருக்கிறது.
மின்சாரம் வந்ததும் எழுந்துகொள் என்று
மூன்று வருஷத்துக்கு முன் டிக் போட்டவள் நான்.
லேன் வயரைக் கழற்றாமல் விட்டவளும் நான்.
குடி போயாயிற்று என்று அதனிடம் யார் சொன்னது?
எழுந்து, தன் முகவரியைப் போட்டுக்கொண்டு,
வந்த வண்டிகளை எழுதிக்கொண்டிருந்தது.
பதினொன்று இதில், பதினைந்து அதில்.
ஒரு டிரெய்லரின் வெற்று எடை இங்கே, சுமை எடை அங்கே.
அது எழுதியதில் ஒரு தப்புகூட இல்லை.

"வயரை உருவிட்டுப் போ" என்றான் போனில் இர்ஃபான்.
உருவவில்லை. பதினைந்தும் வேண்டும்.
அதற்கு நூற்றைம்பதாம் எண்ணைக் கொடுத்தேன்.
பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறித்தேன்,
எனக்கே நம்பிக்கை இல்லாமல்.
ஸ்விட்ச்சின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு
மூன்றாவதை எழுப்பி
நாற்பது பிங் வரை எண்ணினேன். விடாமல் வந்தது.

முப்பத்தெட்டாயிரத்து நூற்றிருபது கிலோ.
எஸ்தர் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.
கஜபதி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை,
கியரைப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு ஆட்டோ.
"எறங்குறது பதினேழு தானே மேடம்? பழசா, புதுசா?"
பழசு என்றேன்.
அப்புறம்தான் ஞாபகம்,
நேற்று வந்த சிலிண்டர்
பெனிட்டா வீட்டு வாசலில்.